சமமாகப் பிரித்தும் சுடுகிற நியூட்ரல்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே ஃபோன் கடை, நடுவில் கணினி வகுப்பு, மேலே அலுவலகம். கரண்டைக் கொண்டுவரும் மூன்று வயர்களான மூன்று பேஸிலும் லோடை, அதாவது சாமான்கள் இழுக்கும் கரண்டை, சமமாகப் பிரித்திருக்கிறார்கள். வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீற்றரை மாட்டினால் ஒவ்வொன்றிலும் 20 அம்பியர். அப்படியென்றால் மூன்றுக்கும் பொதுவான திரும்பு வயரான நியூட்ரலில் கரண்ட் அநேகமாக இருக்கக் கூடாது. ஆனால் மீற்றர் 30ஐயும் தாண்டிக் காட்டுகிறது, வயரின் உறை நிறம் மாறிக் கிடக்கிறது. வயரிங் செய்தவரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு, மாட்டியிருக்கும் சாமான்கள் கரண்டை இழுக்கிற விதத்தில்.

பழைய டங்ஸ்டன் பல்ப் வோல்ட்டேஜ் ஏற ஏறக் கரண்டை எடுக்கும், இறங்க இறங்கக் குறைக்கும். கணினி, சார்ஜர், மலிவான எல்.ஈ.டி பல்ப் எல்லாம் அப்படியல்ல. இவற்றுக்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடும், அதை அடுத்து மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். குளத்து நீர் வான் மட்டத்தைத் தாண்டினால்தான் வெளியே பாயும் அல்லவா? அதே மாதிரி, லைன் வோல்ட்டேஜ் கெப்பாசிட்டரில் உள்ளதைத் தாண்டும்போதுதான் கரண்ட் உள்ளே போகும். 230 வோல்ட் லைனின் உச்சி சுமார் 325 வோல்ட். அந்த உச்சியை ஒட்டி இரண்டு மூன்று மில்லிசெக்கனுக்கு ஒரு கூரான இழுப்பு, பிறகு சும்மா இருக்கும்.

இப்படிக் கூர் விழுந்த அலையை லைனின் 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 50 சுற்று) அலையோடு 150, 250, 350 என்று போகும் அலைகளும் சேர்ந்ததாகப் பிரித்துக் காட்டலாம். பிரான்ஸ் நாட்டு ஃபூரியே வெப்பம் பரவுவதை ஆராயும்போது கொடுத்த கணிதம் இது. அந்த மேலதிக அலைகள்தான் ஹார்மோனிக்ஸ்.

சரி, நியூட்ரலுக்கு வருவோம். மூன்று பேஸின் 50 ஹேர்ட்ஸ் அலைகளும் ஒன்றுக்கொன்று 6.67 மில்லிசெக்கன் பிந்தி வருவதால், கூட்டினால் பூச்சியமாகும். 150 ஹேர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 6.67 மில்லிசெக்கன்தான். அதனால் மூன்று பேஸிலிருந்தும் வரும் 150 ஹேர்ட்ஸ் கரண்ட் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். கழிபடாமல் முழுக்க நியூட்ரலில் சேரும். கூர்கள் ஒன்றோடொன்று மோதாத நிலையில், நியூட்ரல் கரண்ட் பேஸ் கரண்டின் 1.73 மடங்கு வரை போகும். இதில் வில்லங்கம் என்னவென்றால், பல இடங்களில் நியூட்ரலுக்கு பியூசோ பிரேக்கரோ இல்லை. தடுக்க ஆளில்லாமல் வயர் சுட்டுக்கொண்டே இருக்கும். சூட்டில் இணைப்பு தளர்ந்து நியூட்ரல் கழன்றால், லோட் குறைந்த பேஸில் 230க்குப் பதில் 400 வோல்ட் வரைகூட ஏறி, சாமான்கள் கருகும்.

கிளிநொச்சி அடங்கிய வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பு திரும்ப வந்தது போர் முடிந்த 2009க்குப் பிறகுதான். அப்போதே டங்ஸ்டன் பல்பின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆகவே இங்கே இந்தத் தொல்லை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது அல்ல, கரண்டோடு சேர்ந்தே வந்தது என்பது என் எண்ணம்.

அரிசி ஆலைகளின் கதை கொஞ்சம் வேறு. மோட்டரின் வேகத்தை மாற்றும் மூன்று பேஸ் டிரைவ்கள் 250, 350 ஹேர்ட்ஸைத்தான் அதிகம் கிளப்பும். மோட்டர்கள் வீணாக இழுக்கும் கரண்டைக் குறைக்க, அதாவது பவர் ஃபெக்டருக்காக, வைத்த கெப்பாசிட்டர்கள் அதில் மாட்டிச் சூடேறும்.

பார்க்கப் போகிறவர்கள் மீற்றரை முதலில் பாருங்கள். மலிவான கிளாம்ப் மீற்றர் அலை சீராக இருப்பதாக எண்ணியே கணக்குப் போடும், கூரான கரண்டைக் குறைத்துக் காட்டும். அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும், ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்’ என்று எழுதியதை வாங்கி, பேஸ்களோடு நியூட்ரலையும் அளவிடுங்கள். புதிதாக வயரிங் செய்தால் நியூட்ரலைப் பேஸ் வயரைவிடத் தடிப்பாகப் போடச் சொல்லுங்கள்.