தனியார் சிறையா, ஒப்பந்தச் சிறையா?

'பிரைவேட் பிரிசன்' என்பதைச் சிலர் 'தனிச்சிறை' என்று எழுதிவிடுகிறார்கள். தனிச்சிறை என்றால் கைதியை யாரோடும் சேரவிடாமல் ஒற்றை அறையில் அடைப்பது. அது வேறு. இங்கே பேச்சு, சிறையை நடத்துவது யார் என்பது. 'தனியார் சிறை' அதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதிலும் ஒரு குறை இருக்கிறது.

'பிரிசன்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; மூலப்பொருள் 'பிடித்தல்'. நம் 'சிறை'யின் பொருள் இன்னும் அழகு: ஓடுவதைத் தடுத்து நிறுத்துவது. நீரைத் தடுக்கும் அணைக்கும் இதே பெயர்தான். பாய்ந்து வரும் படையை ஒருவனே நின்று தாங்குவதை, 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல' என்கிறது தொல்காப்பியம். கல்லால் கட்டிய அணை! குறளின் 'சிறைகாக்கும் காப்பு' என்ற தொடரில் மனிதரை அடைத்து வைக்கும் பொருள் வந்துவிடுகிறது.

சரி, மனிதரைத் தடுத்து வைக்கும் உரிமை யாருக்கு? அரசுக்குத்தான். இங்கிலாந்தில் 1992-இல் வோல்ட்ஸ் சிறையை நடத்தும் பொறுப்பு குரூப் 4 நிறுவனத்துக்குப் போனது. அதற்கு வழிவிட்ட 1991-ஆம் ஆண்டுச் சட்டம் 'தனியார்' என்று சொல்லவில்லை, 'ஒப்பந்தத்துக்கு விடப்பட்ட சிறை' என்றே சொல்கிறது. நிறுவனத்தைக் கண்காணிக்க உள்ளேயே ஓர் அரசு அதிகாரியும் இருப்பார். அப்புறம் நிறுவனமே கட்டி, 25 ஆண்டு நடத்தும் முறையும் வந்தது. வேல்ஸில் 1997-இல் திறந்த பார்க் சிறை அப்படிப்பட்டது. 2011-இல் ஜி4எஸ் நிறுவனத்திடம் போன பர்மிங்காம் சிறையின் நிலை மோசமானதும் 2018-இல் அரசே உள்ளே நுழைந்தது, மறு ஆண்டு முழுதாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. குத்தகைக்கு விட்ட நிலம் போலத்தான் இது. ஆகவே 'ஒப்பந்தச் சிறை' என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1983-இல் டென்னசியில் தொடங்கி, இன்று கோர்சிவிக் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்துக்குச் சொந்தமாகவே சிறைக் கட்டடங்கள் உண்டு. அவற்றைத் தனியார் சிறை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அங்கும் கட்டடம்தான் தனியாருடையது, தண்டனை அரசுடையது.

இந்த வேறுபாட்டை இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் இன்னும் ஆழமாகப் பார்த்தது. லாப நோக்குள்ள நிறுவனத்திடம் கைதிகளை ஒப்படைப்பதே அவர்களுடைய விடுதலை உரிமைக்கும் மனித மாண்புக்கும் ஊறு என்று சொல்லி, 2009-இல் அதற்கான சட்டத்தையே நீக்கியது. அங்கே அப்படி ஒரு சிறை தனியார் கையில் திறக்கப்படவே இல்லை.