எந்தக் குழாய்த் தண்ணீர்?

சமூக அறிவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தும்போது முதல் வாரம் கணினிப் பக்கமே நான் போவதில்லை. 19ஆம் நூற்றாண்டு இலண்டனின் காலராக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். 'இரண்டும் சேர்ந்தே வருகின்றன' என்பதற்கும் 'இதனால்தான் அது வந்தது' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடம் வேறொன்று எனக்கு அகப்படவில்லை.

1849ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் சாவுக் கணக்கை ஆராய்ந்த புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், ஒரு பகுதி தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அங்கே காலராச் சாவு குறைவதைக் கண்டார். அவர் அமைத்த சூத்திரம் தரவுகளோடு நன்றாகவே பொருந்தியது. தாழ்நிலத்தில் தேங்கும் கெட்ட காற்றுதான் நோயைத் தருகிறது என்ற அக்கால நம்பிக்கைக்கு அது வலுவான சான்றாகவும் தோன்றியது. தாழ்வான பகுதிகளில் பலவற்றுக்குக் கழிவு கலந்த ஆற்று நீரே குடிநீர் என்பது அந்தச் சூத்திரத்தில் இடம்பெறவில்லை. இரண்டும் சேர்ந்து வரும் ஒட்டுறவு உண்மைதான், காரணம் தவறு.

மருத்துவர் ஜான் ஸ்னோ தண்ணீரைச் சந்தேகித்தார். தென் இலண்டனில் சவுத்வார்க் அண்டு வாக்ஸால், லாம்பெத் என்னும் இரு நிறுவனங்கள் ஒரு காலத்தில் போட்டி போட்டு ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்ததால், அடுத்தடுத்த வீடுகளுக்கே வெவ்வேறு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 1852இல் லாம்பெத், நகரக் கழிவு எட்டாத தேம்ஸ் டிட்டனுக்கு நீரெடுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டது. மற்றது கழிவு கலக்கும் பாட்டர்சியிலேயே நீரெடுத்துக்கொண்டிருந்தது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி மக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள், பெரும்பாலோர் அறியாமலே.

தங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் தண்ணீர் வருகிறது என்று சொல்லத் தெரியாதவர் பலர். அங்கெல்லாம் ஸ்னோ ஒரு சிறு குப்பியில் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார். வெள்ளி நைட்ரேட் விட்டால், உப்பு மிகுந்த பாட்டர்சி நீரில் வெண்ணிற வீழ்படிவு திரண்டு நிற்கும். தேம்ஸ் டிட்டன் நீர் இலேசாகத்தான் கலங்கும். கேலனுக்கு 37.9 கிரெய்ன் (பழைய சிறு எடை அலகு) உப்பு அதில், 0.95 கிரெய்ன் இதில்.

1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் சவுத்வார்க் அண்டு வாக்ஸால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 சாவுகள். லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315, 37. வகுத்தலுக்கு மேல் இதில் கணக்கே இல்லை.

"ரெக்ரஷன் போட்டு மத்ததையெல்லாம் கட்டுப்படுத்திட்டா போதாதா சார்?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. பல காரணிகளின் பங்கைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கணக்குமுறை அது. ஆனால் அளந்ததைத்தான் கட்டுப்படுத்த முடியும். டியூஷன் போகும் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் போகாதவர்களோடு ஒப்பிட்டால், பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரின் அக்கறையை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? யாருக்கு எது கிடைத்தது என்பதை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்விக்கு விடை எழுதிய பிறகே கணக்கைத் தொடச் சொல்கிறேன்.

கூர்மையான மாணவர்கள் ஸ்னோவையும் விடுவதில்லை: லாம்பெத் வீடுகள் முன்பே நலமானவையாக இருந்திருந்தால்? அப்போதுதான் அடுத்த அட்டவணையை எழுதுகிறேன். 1849இல் இரு நிறுவனங்களுமே அசுத்த நீரைத்தான் தந்தன. சவுத்வார்க் அண்டு வாக்ஸால் மட்டும் நீர் தந்த பகுதிகளில் அந்த ஆண்டு 2,261 பேரும் 1854இல் 2,458 பேரும் இறந்தனர். இரண்டின் குழாய்களும் கலந்தோடிய பகுதிகளிலோ 3,905 ஆக இருந்த சாவு 2,547 ஆகக் குறைந்தது.