சரக்கு ரயில் எஞ்சினின் கீழ் விளக்குகள்: ஏன் அந்த இடத்தில்?

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு சரக்கு ரயிலை இரவில் நேர் எதிரே நின்று பார்த்தால் மூன்று வெளிச்சப் புள்ளிகள் தெரியும். மேலே நடுவில் ஹெட்லைட், கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கீழே இருக்கும் அந்த ஜோடியைத்தான் டிட்ச் லைட் என்கிறார்கள், அமெரிக்க விதிகளில் அதற்குப் பெயர் துணை விளக்கு. ஓட்டுநருக்கு வழி தெரிவதற்காகக் கூடுதலாக மாட்டியது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இன்று அதன் முதல் வேலை வேறு. லெவல் கிராசிங்கில் காரோடு நிற்பவருக்கு, வருகிற ரயில் இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கடக்க நேரம் இருக்கிறதா இல்லையா என்று புரிய வைப்பதுதான் அது.

ஹெட்லைட் ஒன்றே போதாதா? வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை, குறைந்தது 2,00,000 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) இருக்க வேண்டும் என்பது விதி. சிக்கல் என்னவென்றால் தூரத்தில் தெரியும் ஒற்றை விளக்குக்கு அளவு என்று ஒன்று கிடையாது. அது வெறும் புள்ளி. அரை கிலோமீட்டரில் இருந்தாலும் ஒன்றரை கிலோமீட்டரில் இருந்தாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், நேராக நம்மை நோக்கி வருவதால் பக்கவாட்டில் நகரவும் நகராது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது: பெரிய பொருள் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோல் நமக்குத் தோன்றும். லீபோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985இல் லெவல் கிராசிங் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். ஆக, காரில் இருப்பவர் கவனக்குறைவானவர் என்று சட்டென்று முடிவு கட்டுவது நியாயமில்லை, அவர் கண்ணுக்குக் கிடைக்கும் தகவலே அரைகுறையானது.

இரண்டு விளக்குகளை இடைவெளி விட்டு வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது, ஏனென்றால் இப்போது கண்ணுக்கு அளக்க ஒரு அகலம் கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே 152 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 800 மீட்டரில் அந்த இடைவெளி கண்ணில் 0.11 பாகைதான், இருந்தாலும் இரண்டு தனித்தனி புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்க அது போதும். 400 மீட்டரில் 0.22. 200 மீட்டரில் 0.44, அதாவது முழு நிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ரயில் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறது என்றால் இடைவெளி முதல் தடவை இரு மடங்காக விரிய 18 விநாடி எடுக்கும், அடுத்த மடங்குக்கு 9 விநாடியே, அதற்கடுத்து நாலரை. இப்படி விரியும் வேகமே கூடிக்கொண்டு போவதைத்தான் மூளை "நெருங்கிவிட்டது" என்று படித்துக்கொள்கிறது, அதற்கு நாம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை.

சரி, எஞ்சினில் எங்கே மாட்டுவது? அமெரிக்க விதிகள் இதை நன்றாகவே யோசித்து எழுதியிருக்கின்றன. தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 36 அங்குல உயரம் வேண்டும். அங்கே எஞ்சினையும் பெட்டிகளையும் இணைக்கும் கப்ளிங்கின் நடுக்கோடே அதிகபட்சம் 34½ அங்குலத்தில்தான் இருக்கும், எனவே விளக்குகள் அந்தக் கோட்டுக்கு மேலே வந்துவிடும். இடைவெளிக்கு வைத்த விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹெட்லைட்டுக்கும் கீழ் விளக்குகளுக்கும் செங்குத்தாக 60 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், கீழ் விளக்குகளுக்கு நடுவே 36 அங்குலம் போதும். செங்குத்து தூரம் 60 அங்குலத்துக்குக் குறைந்தால் அவை 60 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும், இது தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள 56½ அங்குலத்தையும் தாண்டிய அகலம். காரணம் எளிது. சில எஞ்சின்களில் ஹெட்லைட் ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்கு மேலே இருக்கும், சிலவற்றில் இறங்கி மூக்குப் பகுதியில் இருக்கும். மேலே இருந்தால் மூன்று விளக்குகளும் சேர்ந்து போடும் முக்கோணத்துக்கு உயரம் கிடைத்துவிடுகிறது, இல்லையென்றால் அகலத்தில் ஈடுகட்ட வேண்டும். எப்படியும் முக்கோணம் சுருங்கிவிடக் கூடாது.

ஆனால் எஞ்சினின் முகத்தில் காலி இடம் அதிகம் கிடையாது. நடுவில் கப்ளிங், அதன் இருபுறமும் பிரேக் காற்றுக் குழாய்கள், இரண்டு ஓரங்களிலும் பணியாளர்கள் ஏறும் படிகள், அடியில் தடைகளைத் தள்ளிவிடும் தகடு. மிஞ்சுவது குழாய்களுக்கும் படிகளுக்கும் நடுவில் உள்ள துண்டு இடம்தான். அதனால் சிலர் முன் மேடைக்குக் கீழே முகப்புத் தகட்டில் பொருத்துகிறார்கள், சிலர் மேடைக்கு மேலேயே கைப்பிடிக் கம்பி ஓரமாக வைக்கிறார்கள். கீழே வைத்தால் நடக்கும் இடம் தடைபடாது, ஆனால் பனியும் சேறும் முதலில் அதன்மேல்தான் அடிக்கும்.

இந்த ஏற்பாடு முதலில் பரவலானது கனடாவில், அதுவும் வேறு தேவைக்காக. மலைப்பாதை வளைவுகளில் ஹெட்லைட் நேராக வெளியே அடித்துக்கொண்டிருக்கும்போது தண்டவாள ஓரத்தில் பாறை விழுந்து கிடந்தால் தெரியாது, அந்த ஓரத்தைப் பார்க்கத்தான் தாழ்வாக விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் 1997 டிசம்பர் 31 முதல், பொதுச்சாலை லெவல் கிராசிங்குகளை மணிக்கு 20 மைலுக்கு மேல் வேகத்தில் கடக்கும் ரயிலின் முன் எஞ்சினுக்கு இது கட்டாயமானது. விளக்குகளின் முகம் எஞ்சினின் நடுக்கோட்டிலிருந்து 15 பாகைக்குள்ளேயே இருக்க வேண்டும், ரொம்பத் திருப்பிவிட்டால் தூரத்துக் கிராசிங்கில் நிற்பவர் கண்ணுக்கு வெளிச்சம் போய்ச் சேராது.

பல எஞ்சின்களில் ஹார்ன் அடிக்கும்போது இவை மாறி மாறி மின்னவும் செய்யும். நிமிடத்துக்கு 40 முதல் 180 தடவை வரை மின்னலாம், மின்னாமல் சீராக எரிந்தாலும் விதிக்கு உட்பட்டதுதான். மின்னும் விளக்கு கவனத்தை இழுக்கும், தூரத்தைக் கணிக்கக் கண்ணுக்கு உதவுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அப்புறம், வழியில் ஒரு விளக்கு அணைந்துபோனால் ரயில் அடுத்த அன்றாடப் பரிசோதனை வரை போகலாம். இரண்டும் போய்விட்டால் பழுது பார்க்கக்கூடிய அடுத்த இடம் வரைதான் போகலாம்.