பத்தாவது வருடத்தில் எத்தனை வோல்ட்?

பச்சை ஐதரசன், அதாவது சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஐதரசன், பற்றிய பேச்சு கொழும்பில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதிலிருந்து, "மிஞ்சுற கரண்டில தண்ணியப் பிரிச்சு ஐதரசன் எடுக்கலாமே" என்று சொல்லாதவர் குறைவு. யோசனை நல்லதுதான். ஆனால் தண்ணீரைப் பிரிக்கும் மெஷினான மின்பகுப்பியின் விலையை விசாரிக்கிற அளவுக்கு, பத்தாவது வருடத்தில் அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று யாரும் விசாரிப்பதில்லை.

என் வேலை ஆய்வுகூடக் கருவிகளோடு. ஜி.சி. (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும்) கருவியின் சுடருக்கு ஐதரசன் தரும் மேசையளவு மின்பகுப்பிகளைத் திறந்து பார்ப்பதும் அதில் ஒன்று. மெகாவாட் ஆலைகளில் ஒரு வகை இதே குடும்பம்தான்: நடுவில் புரோத்தனைக் கடத்தும் மென்சவ்வு, ஒரு பக்கம் இரிடியம் ஒட்சைட்டு, மறுபக்கம் பிளாற்றினம், தாங்கிப் பிடிக்கத் தைத்தானியம். அதனால் வருத்தங்களும் ஒன்றுதான்.

இந்த மெஷின் திடீரென்று படுத்துவிடுவது அபூர்வம். அதே அளவு வாயுவைத் தந்துகொண்டே, கேட்கும் வோல்ட்டேஜை மெல்ல மெல்லக் கூட்டும். ஒரு கலம் 1.8 வோல்ட்டில் ஓடினால் ஒரு கிலோ ஐதரசனுக்கு ஏறக்குறைய 48 அலகு (கிலோவாட் மணி) மின்சாரம் போகும். 0.1 வோல்ட் கூடினால் இன்னொரு 2.7 அலகு. மணிக்கு 5 மைக்ரோவோல்ட் ஏறுகிறது என்று வையுங்கள். ஒன்றுமில்லாதது போல இருக்கும். 60,000 மணி ஓடி முடியும்போது அது 0.3 வோல்ட், கிலோவுக்கு 8 அலகு மேலதிகம். வாயு குறையவில்லையே என்று இருப்பவருக்கு அதை மின்கட்டணப் பட்டியல்தான் சொல்லும்.

ஏன் ஏறுகிறது? நான் கண்ட அளவில் முதல் குற்றவாளி தண்ணீர். ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் கடத்துதிறன் அலாரம் அடிக்கடி அடித்தது. தண்ணீரில் கரைந்த அயன்களைப் பிடிக்கும் ரெசின் கார்ட்ரிட்ஜ் புதிது, ஆனால் வாரங்களிலேயே நிறம் மாறியிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கான். "ஏசித் தண்ணி அண்ணா, டிஸ்டில்ட் மாதிரித்தான்" என்றார் உதவியாளர். கார் பற்றறிக்கு அதை ஊற்றுகிற ஊர் இது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஏசித் தண்ணீர் செப்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் நனைத்து, தூசியைக் கழுவிக்கொண்டு வருகிறது. மின்பகுப்பி கேட்பதோ சென்ரிமீற்றருக்கு 1 மைக்ரோசீமனுக்கும் குறைந்த கடத்துதிறன். கல்சியம், சோடியம், செப்பு எதுவானாலும் அந்த அயன்கள் மென்சவ்வில் புரோத்தன் இருக்க வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும். தடை ஏறும், வோல்ட்டேஜும் ஏறும். கழுவினாலும் முழுதாகப் போகாது.

இரும்பு இன்னும் மோசம். கலத்துக்குள் உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டோடு சேர்ந்து அது மென்சவ்வையே அரிக்கும் மூலிகங்களை, அதாவது எதையும் தாக்கத் துடிக்கும் துணுக்குகளை, உருவாக்கும். அரிபடும் மென்சவ்விலிருந்து புளோரைட்டு தண்ணீரில் கசியும், ஆகவே சுற்றும் தண்ணீரில் புளோரைட்டை அளந்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியும். மலிவாகச் செய்யக்கூடிய சோதனை, ஆனால் செய்பவர்கள் குறைவு. கொழும்பில் பெரிதாக ஆலை போடுபவர்களுக்கு இன்னொன்று: கடும் வரட்சியில் களனி ஆற்றில் கடல்நீர், கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலைப் பக்கம் வரை ஏறிவரும். அந்த மாதங்களில் சுத்திகரிப்புக்குச் சுமை கூடும், ரெசின் சீக்கிரம் தீரும். அதற்கும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

அடுத்தது நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது. மின்சாரம் நின்றதும் மறுபக்கத்து ஐதரசன் மென்சவ்வூடாக அனோட்டுக்குக் கசிந்து இரிடியம் ஒட்சைட்டைத் தாழ்த்தும், அதாவது அதன் ஒட்சிசனைப் பறிக்கும். திரும்பப் போட்டதும் அது மறுபடி ஒட்சியேறும். இந்தப் போக்குவரத்தில்தான் இரிடியம் கரைகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். இனி சூரிய மின்சாரத்தில் மட்டும் ஓடும் ஆலையைக் கணக்கிடுவோம். நாளுக்கு 8 மணி என்றால் 60,000 மணி முடிய இருபது வருடத்துக்கும் மேல், ஆகா என்று இருக்கும். ஆனால் அதற்குள் 7,500 தடவை போட்டு நிறுத்தியாயிற்று. உத்தரவாதம் ஓடிய மணியில் எழுதப்படுகிறது, தேய்வில் பெரும் பங்கு தொடங்கி நிறுத்துவதில் நடக்கிறது. வாங்குகிறவர் ஏமாறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

மேகம் மறைத்தால் வேறு தொல்லை. உற்பத்தி குறையும், கசிவு குறையாது. அதனால் ஒட்சிசனில் ஐதரசனின் வீதம் ஏறும். 4 சதவீதத்தில் தீப்பிடிக்கும் எல்லை தொடங்குவதால் 2 சதவீதத்திலேயே ஆலையை நிறுத்திவிடுவது வழக்கம். மென்சவ்வு மெலிய மெலிய இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஓடும் பழைய வகைக்கு இரிடியம் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் நிறுத்தும்போது அதில் மின்னோட்டம் பின்னோக்கிப் பாய்ந்து நிக்கல் கதோட்டைக் கெடுக்கும். குறைந்த சுமையில் ஓட அதுவும் விரும்பாது.

சரி, விற்பவரிடம் என்ன கேட்பது? மணிக்கு எத்தனை மைக்ரோவோல்ட் ஏறும், எந்த மின்னோட்டத்தில், தினமும் நிறுத்தினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், ஏறிய வோல்ட்டேஜில் ஒரு பகுதி நிறுத்தி ஓய்வு கொடுத்தால் தானாக இறங்கிவிடும். ஓய்வுக்குப் பிறகு எடுத்த அளவீட்டைக் காட்டினால் மெஷின் இளமையாகத்தான் தெரியும். தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்ததைக் கேளுங்கள், ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனியாக.