ஆளைக் குறை சொல்லும் முன் அரைநாள் அவர் பக்கத்தில் உட்காருங்கள்

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும். "மேடம், எங்க டீம்ல ஒருத்தர் இருக்காங்க. நல்ல ஆள்தான், ஆனா வேலையில பிடிப்பே இல்ல. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்." பணியிட உளவியல் ஆலோசகரிடம் இப்படித்தான் ஆளை அனுப்பிவைப்பார்கள், சுற்றாத மின்விசிறியை ரிப்பேருக்கு அனுப்புவது மாதிரி.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் பேசித்தான் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து வந்த பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "நேர மேலாண்மைப் பயிற்சி தேவை" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பயிற்சியும் நடந்தது. இரண்டு மாதம் கழித்து அதே பெண்ணை மறுபடி அனுப்பினார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்தத் தடவை அவரை என் அறைக்குக் கூப்பிடாமல், அவர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திரையின் மூலையில் ஒரு கடிகாரம். அழைப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பச்சை சிவப்பாகிவிடும். மாதக் கடைசியில் சிவப்புகளை எண்ணித்தான் மதிப்பெண், அதை வைத்துத்தான் அப்ரைசல். நான் பார்த்த முதல் அழைப்பே சிவந்தது. பில்லில் தவறு என்று பேசியவர், "இதுக்காக நாலாவது தடவை கூப்பிடறேன்" என்று எடுத்த எடுப்பிலேயே கொதித்தார். அந்தப் பெண் பழைய பதிவுகளைத் திறந்தார். முந்தைய மூன்று அழைப்புகளையும் வேறு மூன்று பேர் எடுத்திருந்தார்கள். மூன்றும் ஆறு நிமிடம் ஆவதற்குச் சற்று முன் முடிந்திருந்தன. மூன்றிலும் "தீர்வு அளிக்கப்பட்டது" என்ற குறிப்பு. தீர்ந்தது ஒன்றுமில்லை. இவர் கணக்குப் பிரிவுக்கு இரண்டு தடவை போன் போட்டு, பில்லைத் திருத்த வைத்து, திருத்திய தொகையை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டிவிட்டு வைத்தபோது பதினான்கு நிமிடம் ஓடியிருந்தது.

அட்டவணையில் அந்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பச்சை. இவருக்கு ஒரு சிவப்பு. இதில் இன்னொரு கூத்து: திரும்ப அழைப்பவரும் புதிய அழைப்பாகவே கணக்கில் ஏறுவார். வேலை முடியாமல் போகப் போக மொத்த எண்ணிக்கை கூடும். மேலே இருப்பவர்களுக்கு அது வளர்ச்சியாகத் தெரியும். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் இந்த மடத்தனத்தைப் பற்றி ஸ்டீவன் கெர் என்ற மேலாண்மை அறிஞர் 1975-லேயே எழுதிவிட்டார். இன்னும் புத்தி வரவில்லை.

இதையெல்லாம் சொன்னால், ஊழியருக்குப் பரிந்து பேச வந்துவிட்டாள் என்பதுபோல் மேலாளர்கள் பார்ப்பார்கள். அப்போது ஃப்ரீமான்ட் கதையை எடுப்பேன்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்திலேயே மோசமான ஆலைகளில் ஒன்று என்று பேர் எடுத்தது. சொல்லாமல் கொள்ளாமல் லீவு, வேலை நேரத்தில் குடி, திடீர் திடீரென்று வேலைநிறுத்தம், மலைபோல் புகார் மனுக்கள். 1982-ல் இழுத்து மூடினார்கள். 1984-ல் அதே இடத்தில், டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து, நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான். சங்கமும் பழைய சங்கம்தான். ஓரிரு ஆண்டுகளில் அந்த ஆலையின் தரம் டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகளோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்கு வந்துவிட்டது. லீவு போடுவதும் வெகுவாகக் குறைந்தது.

பழைய ஏற்பாட்டில், கார்கள் நகர நகரப் பாகங்களைப் பூட்டும் லைன் நிற்கவே கூடாது. குறையோடு வண்டி நகர்ந்தாலும் நகரட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். புதிய ஏற்பாட்டில் தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கயிறு தொங்கியது. ஏதோ சரியில்லை என்று பட்டால் இழுக்கலாம். இழுத்ததும் டீம் லீடர் உதவிக்கு வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். அதற்காக யாருக்கும் மெமோ கிடையாது. பின்னால் விற்பனை சரிந்தபோதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். இந்தப் பாதுகாப்பு இல்லாமல் அந்தக் கயிற்றை யாராவது தைரியமாகத் தொட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

நான் போகும் நிறுவனங்களில் பெரும்பாலும் கயிற்றை மட்டும் கட்டிவிடுகிறார்கள். ஆலோசனைப் பெட்டி இருக்கும். "என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்று தலைவர் சொல்லியிருப்பார். ஆனால் கடைசியாக உள்ளே போய்ப் பேசியவருக்கு அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றல் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கூட முதல் வாரத்திலேயே சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கதை வந்து சேர்ந்துவிடும். அறிமுக வகுப்பில் சொன்னதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகம் இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது: அந்தக் குழுக்கள் தவறை மறைக்கவில்லை. அதனால் "எங்க பிரிவுல புகாரே இல்ல மேடம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே உள்ள ஊழியர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: கடைசியாக ஒரு கெட்ட செய்தியை மேலே சொன்னது எப்போது, அதற்கப்புறம் உங்களுக்கு என்ன ஆனது? பதில் வருவதற்கு முன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

இதெல்லாம் மனசோடு நிற்பதில்லை, உடம்புக்கும் வரும். பிரிட்டனில் அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட் குழுவினர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வுகளில், பதவிப் படி இறங்க இறங்க இதய நோய் ஏறிக்கொண்டே போனது. புகைபிடித்தல் முதலான வழக்கமான காரணங்களைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுவதும் போகவில்லை. தன் வேலையைத் தான் எப்படிச் செய்வது என்பதில் சொல்லதிகாரம் இல்லாததும் ஒரு காரணம் என்று 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் 'பர்ன் அவுட்' என்கிற வேலைச் சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிட அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்றே எழுதியது. இந்த வரியை எச்.ஆர். துறைகள் படித்துவிட்டுத் தியான வகுப்பு நடத்துகின்றன. தியானத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் வகுப்பு முடிந்து போனால் அதே கடிகாரம், அதே ஆறு நிமிடம்.

உண்மையிலேயே வேலை செய்யாதவர்களும் உண்டு, பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு நான் வருவது கடைசியாகத்தான்.

அந்தச் சேவைப் பிரிவில் என் இரண்டாவது அறிக்கை ஒரு பக்கம்தான். அட்டவணையில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போடச் சொன்னேன்: ஒரே பிரச்சினைக்காக ஏழு நாளுக்குள் வாடிக்கையாளர் மறுபடி அழைத்தாரா? போட்டார்கள். அடுத்த மாதம் பட்டியல் அப்படியே தலைகீழானது. கடைசியில் இருந்த பெண் மேலே வந்தார். மேலாளர் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னார். வைப்பதற்கு முன் கேட்டார்: "மேடம், இத்தனை நாள் முதல்ல இருந்தவர் இப்ப கடைசிக்குப் போயிட்டார். அவர்கிட்ட நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்?"