மீனை ஏமாற்றும் காளான்

மீன் தீவனத்தில் காளான் பொடி கலக்கிறார்கள் என்றதும், புரதத்துக்காக இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். காய்ந்த காளானில் புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் 100 கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் இரண்டு கிலோ பொடி போட்டால் அதில் என்ன பெரிய புரதம் கிடைத்துவிடும்? இங்கே வேலை செய்வது காளானின் செல் சுவர்.

அந்தச் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. ஸ்டார்ச்சைப் போல இதுவும் குளுக்கோஸ் கோத்ததுதான், கோத்த விதம் மட்டும் வேறு. அதனால் ஸ்டார்ச்சை உடைக்கும் நொதிகள் இதனிடம் பலிப்பதில்லை. மீனின் உடம்பு இந்தச் சங்கிலியைச் செய்வதில்லை, பூஞ்சைகள் செய்கின்றன. ஆகவே இது கண்ணில் பட்டதும், ஏதோ பூஞ்சை உள்ளே புகுந்துவிட்டது என்று வெள்ளையணுக்கள் உஷாராகிவிடுகின்றன. வந்திருப்பது வெறும் சிப்பிக் காளான் என்று அவற்றுக்குத் தெரியாது, பாவம்.

உஷாரான வெள்ளையணு கிருமியை விழுங்கி, வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளால் அதைத் தாக்கும். இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மீன் ரத்தத்தில் ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். அணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தால் சாயம் கருநீலமாகிவிடும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, தாக்குதலும் அவ்வளவு பலம். அப்புறம் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாவை மீனுக்குள் செலுத்தி, எத்தனை மீன்கள் பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். கொஞ்சம் கொடூரமான சோதனைதான்.

மீனுக்கு இந்த முன்னெச்சரிக்கை ஏன் தேவை? கிருமியை அடையாளம் கண்டு அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்ய மீனுக்குப் பல வாரங்கள் ஆகும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதம். குஞ்சுகளுக்கோ அந்தத் திறனே முழுதாக வளர்ந்திருக்காது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தடுப்பூசி போடுவதும் நடக்கிற காரியமில்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றிலும் தடை செய்தது. மாற்று தேடியவர்களின் பார்வை காளான் பக்கமும் திரும்பியது.

செரிக்காத சங்கிலியில் ஒரு பகுதி குடலில் வாழும் பாக்டீரியாவுக்கு இரையாகிறது என்பது கூடுதல் லாபம்.

சரி, நல்லதுதானே, நிறையப் போட்டால் என்ன? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஓயாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தால் யாரும் எழுந்து வரமாட்டார்கள், வெள்ளையணுக்களும் அப்படித்தான். நார்ப்பொருள் கூடினால் வளர்ச்சியும் குறையும். இடமாற்றம், பருவமாற்றம் மாதிரி மீன் தளரும் சமயங்களை ஒட்டிச் சில வாரங்கள் கொடுத்து நிறுத்துவதே எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இதற்கு முதல்தரக் காளான் வேண்டியதில்லை. விற்பனைக்கு முன் வெட்டிப் போடும் தண்டிலும் அதே செல் சுவர்தான். ஆனால் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கிட்டத்தட்ட பத்து கிலோவை உலர்த்தினால்தான் ஒரு கிலோ பொடி. அரைகுறையாக உலர்த்தினால் பூசணம் பிடிக்கும். சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், அது மீனின் ஈரலைக் கெடுக்கும். அந்தப் பூஞ்சை பொய் மிரட்டல் அல்ல.