அவடவட் – சிவப்புச் சில்லை

பறவை நூல்களில் 'ரெட் அவடவட்' என்ற சிறு குருவியின் பெயரைப் பார்த்தால் எந்த மொழி என்றே பிடிபடாது. அது ஓர் ஊர்ப்பெயரின் சிதைவு. கூண்டில் வளர்ப்பதற்காக இக்குருவிகள் முன்பு அகமதாபாத்திலிருந்து ஏற்றுமதியாயின. அயலார் வாயில் அந்த ஊர் 'அமடவட்' ஆகி, பிறகு 'அவடவட்' ஆனது. 1758-இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயரிலும் அதே ஊர்தான்: ஃப்ரிஞ்சில்லா அமண்டவா.

ஃப்ரிஞ்சில்லா என்றால் லத்தீனில் ஃபிஞ்ச், அதாவது விதை தின்னும் ஒருவகைச் சிறு குருவி. பின்னாளில் இது அந்தக் குடும்பமல்ல, முனியாக்கள் அடங்கிய எஸ்ட்ரில்டிடே குடும்பம் என்று தெளிந்து பேரினப் பெயரையும் அமண்டவா என மாற்றினார்கள். ஆனாலும் 'ஸ்டிராபெரி ஃபிஞ்ச்' என்ற வணிகப்பெயர் மட்டும் போகவில்லை. சிவப்பு உடலில் வெண்புள்ளிகள் தெளித்திருப்பதால் வந்த பெயர் அது.

தமிழில் முனியா வகைகளைச் சில்லை என்கிறோம். ஆகவே இதற்குச் சிவப்புச் சில்லை என்பதே பொருத்தம். ஊர்ப்பெயரைவிட இது பறவையைக் காட்டுகிறது. இந்தியில் வழங்கும் 'லால் முனியா'வும் இதே பொருள்தான்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. உடலெங்கும் படரும் அந்தச் சிவப்பு ஆணுக்கு மட்டும் உரியது, அதுவும் இனப்பெருக்கக் காலத்தில்தான். இந்தியாவில் மழைக்காலத்தை ஒட்டி ஆண் செக்கச்சிவந்து நிற்கும். அப்போது யாரும் தவறவிட மாட்டார்கள். பருவம் முடிந்ததும் அந்த இறகுகளை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போலவே மங்கிய பழுப்புக்கு மாறிவிடும். இந்த இடைக்கால இறகுக்கோலத்தை ஆங்கிலத்தில் 'எக்லிப்ஸ்' என்பார்கள். கிரகணம் என்று நேராகப் பெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. 'மங்கற்கோலம்' என்றால் பார்த்ததுமே புரியும். எஸ்ட்ரில்டிடே குடும்பத்தில் இப்படிக் கோலம் மாற்றுபவை மிகச் சில. புள்ளிச் சில்லையோ வெண்தொண்டைச் சில்லையோ ஆண்டு முழுவதும் ஒரே தோற்றம்தான்.

அப்படியானால் மங்கற்கோலத்தில் எப்படி அடையாளம் காண்பது? பறந்து எழும்போது வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பிட்டத்தைப் பாருங்கள். அங்கே சிவப்பு போவதில்லை, பெண்ணுக்கும் உண்டு. சிறகில் சில வெண்புள்ளிகளும் மிஞ்சும். சிவந்த அலகும் உதவும், ஆனால் அலகின் நிறமும் பருவத்தோடு மாறுவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இளம்பறவைக்கு அலகு கருத்திருக்கும். புள்ளிகளுக்குப் பதிலாகச் சிறகில் வெளிர்மஞ்சள் பட்டைகள் தெரியும்.